நாற்பத்து நான்கு கூறைப்புடவைகள்

அரசலாறு கடலை நெருங்கும் முன் ஒருமுறை வடக்கே வளைந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது போல் தயங்கி, மீண்டும் கிழக்கே ஓடுகிற இடத்தில் எங்கள் கொற்றங்குடி இருக்கிறது. அங்கே தீப்பாய்ந்தாள் அம்மனுக்கு மாசி மகத்தன்று ஓலைப்பெட்டியில் வைத்து மூடும் கூறைப்புடவை, அடுத்த மாசி மகத்தன்று பெட்டியைத் திறக்கும்போது, ஒரு பெண் ஓராண்டு முழுவதும் உடுத்தி, துவைத்து, உழைத்து, உறங்கிய புடவையாக வெளியே வரும்.

வீட்டுத் தெய்வத்துக்குப் பெட்டியில் புடவை வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மணமகள் உடுத்தும் கட்டம் போட்ட கூறையை மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி வளையல்களோடு பெட்டியில் வைத்து, மூடியின்மேல் மஞ்சள் நூலை ஏழு சுற்றுச் சுற்றி முடிந்து, பூசை அறையின் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். மற்ற வீடுகளில் அது வைத்த மடிப்போடு திரும்பி வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது வரை எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. எண்பதாம் ஆண்டு திறந்தபோது, புடவையின் கீழ்க்கரை கருகியிருந்தது; புகைநாற்றம் அடித்தது; முழங்கால் உயரம் வரை உப்பு வரிவரியாகப் பூத்திருந்தது. ஏழு சுற்று நூலும் முடிச்சும் நான் போட்டபடியே இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மன் தீயிலிருந்து எழுந்து கடலாடி வந்திருக்கிறாள் என்று சொல்லி, சர்க்கரைப்பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் புடவை, வாள்போன்ற இலைகள் அறுத்தது போல் நெடுக்காகக் கிழிந்து வந்தது. வெல்லப்பாகின் மணமுள்ள கறுப்புக் கறையோடு வந்தது. எண்பத்து மூன்றில் முந்தானை நுனியில் ஒரு முடிச்சோடு வந்தது, அவிழ்த்தால் உள்ளே மஞ்சள் பூசிய அரிசி இருந்தது. அதற்கடுத்த ஆண்டு மார்பு படும் இடத்தில் இரண்டு பாற்கறைகளோடு வந்தது. ஊர் இவற்றையெல்லாம் வாசிக்கக் கற்றுக்கொண்டது. கரையில் சேறு இருந்தால் மழை உண்டு என்று சுற்றுவட்டப் பத்துக் கிராமத்து உழவர்கள் அதைப் பார்த்த பிறகே நாற்றங்காலுக்கு விதை கட்டினார்கள். முடிச்சு வந்த ஆண்டில் ஏழு திருமணங்கள் நடந்தன. பாற்கறை வந்த ஆண்டுகளில் கருவுற்ற பெண்கள் வந்து அதன் நிழலில் நின்றுவிட்டுப் போனார்கள். அம்மன் கடுமையாக உழைக்கிறாள் என்று கண்டுகொண்ட நெசவாளர், எங்களுக்கு நெய்யும் கூறைக்கு மட்டும் கரையில் இழை கூட்டி நெய்தார். பேருந்து நடத்துநர்கள் எங்கள் நிறுத்தத்தைப் புடவைக்கோயில் என்று கூவினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கி, முடிச்சை ஆராய்ந்து, நன்றாகச் சாப்பிட்டு, குறிப்பெடுத்துக்கொண்டு போனார், பிறகு வரவில்லை. உடுத்திய புடவை திரும்பி வருவது எங்களுக்கு வியப்பாக இல்லை. தெய்வம் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறது என்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

எங்களை அதிரவைத்தது ஒரு காகிதம்.

அதைச் சொல்லுமுன் பெட்டிக்குரியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் புடவையை வைத்து மூடவும் அவிழ்த்துத் திறக்கவும் உரிமை, எங்கள் வீட்டில் கணவனை இழந்து வாழும் பெண்ணுக்கே உண்டு; நூலை முடிவது மட்டும் வீட்டு ஆணின் வேலை. வேறெந்த மங்கல காரியத்திலும் முன்னால் வரக்கூடாது என்று நாங்கள் ஒதுக்கியவளுக்கு, எங்கள் குலம் விட்டுவைத்த ஒரே இடம் அது. திரும்பி வரும் புடவையும் அவளுக்கே உரியது. எழுபத்தெட்டாம் ஆண்டு சித்திரையில், அதுவரை பெட்டியைப் பார்த்துக்கொண்ட என் அத்தை இறந்தார். அதே ஆண்டு ஐப்பசியில் என் தங்கை ஞானாம்பாள், இருபத்திரண்டு வயதில், பாம்பு தீண்டிய கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பெட்டி அவள் கைக்கு வந்தது. வெள்ளை உடுத்தியவள் கூறையை உடுத்த முடியாது. ஆகவே ஆண்டுதோறும் வந்த புடவையைத் துவைத்து, உலர்த்தி, மடித்துத் தன் தகரப்பெட்டியில் அடுக்கிவந்தாள்.

கருகிய கரையோடு முதல் புடவை வந்த அதே வாரத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் ஒருவர், ஞானாம்பாளைத் தமக்கு மணம் செய்து தரும்படி நேரில் வந்து என்னைக் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அம்மன்மேல் பத்துப் பாட்டுக் கட்டிப் பாடியவன் என்ற பெயர் இருந்தது. ஒருத்தி தீயில் இறங்கிய குலத்தில் பிறந்த பெண் இரண்டாம் முறை மாலை சூடமாட்டாள் என்று சொல்லி, அந்தக் கருகிய கரையை அவரிடம் விரித்துக் காட்டினேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். ஞானாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்பதை வளையலற்ற கையின் நிழலைக் கொண்டு அறிந்தேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி எங்களுக்குள் ஒரு சொல்லும் இல்லை.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. அம்மன் கோயிலைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டி, வரும் மாசி மகத்தில் குடமுழுக்குச் செய்ய நாள் குறித்தார்கள். முன்னின்று நடத்தியவன் என் சிற்றப்பா மகன் சபாரத்தினம். நெல் அரைவை ஆலை வைத்திருப்பவன், எடுத்த காரியத்தை முடிக்காமல் உட்காராதவன். வாசலில் பதிக்கும் கல்வெட்டுக்கு அம்மனின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டான். நானும் எங்கள் குடிவழி ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். ஆண்களின் பிறப்பும் இறப்பும் நாள் நட்சத்திரத்தோடு எழுதப்பட்டு, பெண்கள் இன்னாருடைய மனைவி என்று மட்டும் வரும் அந்த ஏட்டில், அம்மனைப் பற்றி இருந்தது மூன்று வரி: சுபகிருது வருஷம் மாசி மகம். தில்லைநாயகம் காலகதி, மனைவி வண்டார்குழலி, வயது பத்தொன்பது, உடன் தீப்பாய்ந்தாள். காடாற்று, ஒரு கலயம்.

ஆங்கிலக் கணக்கில் அது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. உடன்கட்டையைச் சட்டம் தடுத்துப் பல ஆண்டுகள் ஆன பின்பு. காடாற்று என்பது, சிதை அவிந்த பிறகு பால் தெளித்து எலும்பைக் கலயத்தில் பொறுக்கி எடுப்பது. இருவர் எரிந்த இடத்தில் ஒரே கலயம். நெருப்பில் இருவரும் பிரிக்க முடியாமல் ஒன்றாயினர் என்று என் பத்துப் பாட்டில் ஏழாவது பாட்டை இந்த ஒரு கலயத்தின்மேல்தான் கட்டியிருந்தேன். அதைப் பாடும்போது கண்ணீர் வடிப்பேன். கேட்பவர்களும் வடிப்பார்கள். கல்வெட்டிலும் அதையே எழுதினேன். சிற்பி வெட்டி முடித்தார்.

குடமுழுக்குக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பகல் பதினொரு மணிக்கு, காரைக்காலிலிருந்து வந்த வாடகைக் கார் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. இறங்கியவர் அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மாள்; பெயர் திலகா ரங்கசாமி; மொரீசியசில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் கொற்றங்குடி என்ற பெயரில் மூன்று ஊர்கள் இருப்பதாகவும், இரண்டைப் பார்த்துவிட்டதாகவும், இது கடைசி என்றும் சொன்னார். அவருடைய தமிழ் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல் இருந்தது. காப்பி கொண்டுவந்த ஞானாம்பாள், ரேடியோவில் செய்தி வாசிக்கிறாப்பல பேசுது பொண்ணு என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். கூடத்தில் சபாரத்தினமும் இருந்தான்.

திலகா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, பிரதி எடுத்த காகிதங்களைப் பாயில் வரிசையாக வைத்தார்.

“ஐயா, இவர் என் பாட்டியின் பாட்டிக்குத் தாயார். இது கப்பல் பதிவேடு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று, அக்டோபர். பெயர் வண்டார்குழலி, வயது பத்தொன்பது, ஊர் கொற்றங்குடி. உடலில் உள்ள அடையாளம் என்னும் இடத்தில், இடக்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தீக்காயம் என்று எழுதியிருக்கிறார்கள். உடன் வரும் உறவினர் என்னும் இடத்தில் எவரும் இல்லை.”

நான் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. என் கை முழங்காலின்மேல் இருந்தது. அது என்னுடையது என்ற உணர்வே எனக்கு அப்போது இல்லை. கோபுரத்தின்மேல் இடி விழுந்தால், விழுந்த கணத்தில் ஓசை கேட்பதில்லை என்பார்கள். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சபாரத்தினத்தின் வாய் அசைவதைக் கண்டேன். சிறிது நேரம் கழித்தே அவன் சொல்வது காதில் விழுந்தது. ஒரே பேரில் எத்தனையோ பேர் இருப்பார்கள், ஓடிப்போன எவளோ ஒருத்தி, அம்மன் பேரை வைத்துக்கொண்டு கப்பல் ஏறியிருப்பாள் என்றான்.

ஞானாம்பாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில், அயலார் முன்னிலையில், அவள் உட்கார்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அந்தப் பொண்ணுக்கு அங்க கல்யாணம் ஆச்சாம்மா?” என்று கேட்டாள்.

“ஆயிற்று அம்மா. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து ஆறு, ஜூன் மாதம். கரும்பாலையில் பாகு காய்ச்சுபவர் ஒருவரை மணந்தார். அவர் பெயர் ரங்கசாமி.”

ஞானாம்பாள் விரல் கணுக்களில் எண்ணினாள். உதடு அசைந்தது. பிறகு, எண்பத்து மூணுல முந்தானையில முடிச்சு வந்துது என்றாள். அடுத்த ஆகஸ்டில் மகன் பிறந்தான் என்றதற்கு, எண்பத்து நாலுல பால்கறை என்றாள். திலகா ஒவ்வொரு காகிதமாக எடுத்து ஆண்டைச் சொல்லச் சொல்ல, என் தங்கை ஒவ்வொரு புடவையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருவர் பதிவேட்டிலிருந்தும் ஒருவர் நினைவிலிருந்தும் சொன்ன இரண்டு வரலாறும், நூற்று முப்பத்தேழு ஆண்டு இடைவெளியில், ஓர் ஆண்டும் பிசகாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தன. ஐம்பத்து நான்கில் பேதி நோய் பரவி இரண்டு வயது மகள் இறந்தாள் என்று திலகா சொன்னபோது, ஞானாம்பாள் எண்ணிய விரலை மடக்கிக்கொண்டாள். அதற்கு ஈடான தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டில் புடவையில் ஒரு முழ நீளத் துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அம்மன் ஏழைக்குத் துணி கொடுத்தாள் என்று ஊரே மகிழ்ந்து அன்னதானம் செய்த ஆண்டு அது. பந்தியில் நான்தான் முதலில் பரிமாறினேன்.

“குழந்தைக்குப் போத்தறதுக்குத்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றாள் ஞானாம்பாள். “வெட்டின ஓரத்துல தையல் போடாம அப்படியே விட்டிருந்தா.”

சபாரத்தினம் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். திலகா கடைசியாக ஒரு புகைப்படத்தை எடுத்தார். அறுபத்தேழாம் ஆண்டில், தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த அடையாளச் சீட்டில் ஒட்டிய படம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. இடக்கையைத் தலைப்பால் மூடியிருந்தாள். தோளில், வேறு துணியால் முக்கோணமாக ஒட்டுப்போட்டு நெருக்கமாகத் தைத்த இடம் தெளிவாகத் தெரிந்தது. ஞானாம்பாள் எழுந்து உள்ளே போனாள். தகரப்பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுப் புடவையைக் கொண்டுவந்து பாயில் விரித்து, அதன் தோளில் இருந்த முக்கோண ஒட்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் பதினேழு தையல்கள் இருந்தன. திலகா எண்ணினார், சபாரத்தினமும் எண்ணினான்.

எப்படித் தப்பினாள் என்று கேட்டது நான்தான்.

அது பதிவேட்டில் இல்லை என்றும், தங்கள் வீட்டுப் பெண்கள் மகள்களுக்கு மட்டும் சொல்லிவருவது என்றும் சொல்லிவிட்டுத் திலகா சொன்னார். அவர் பாயவில்லை. கயிற்றால் கட்டி வைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப்புடவை போர்த்த வந்த அவருடைய அண்ணன், விறகுக்கு அடியில் பச்சை வாழைத்தண்டுகளைச் செருகியிருந்தார். தீ மூட்டியதும் புகை எழுந்து ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. மேளத்தின் ஓசையில் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் தம் மடியிலிருந்த பாக்குவெட்டியால் கயிற்றை அறுத்து, கைபற்றி இழுத்து, ஆற்றில் நிறுத்தியிருந்த தோணியில் ஏற்றினார். அந்தப் பாக்குவெட்டி இன்றும் தங்கள் வீட்டில் இருக்கிறது.

“அண்ணன் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை ஐயா. வண்டார்குழலிப் பாட்டி கடைசிவரை அவரை அண்ணன் என்று மட்டுமே சொல்வாராம்.”

நான் ஏட்டை எடுத்துப் பிரித்தேன். அறுபது ஆண்டுகளாக மனப்பாடமாக வைத்திருந்த வரிகள். ஒரு கலயம். ஒருவன் மட்டும் எரிந்ததால் ஒரு கலயம். எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, பொய்யை எழுதத் துணிந்த கை, எலும்பின் கணக்கை மட்டும் மாற்ற அஞ்சி உள்ளபடியே எழுதிவிட்டுப் போயிருக்கிறது. படித்த ஒவ்வொருவருக்கும் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதைக் கண்ணீரோடு ராகம் போட்டுப் பாடியிருக்கிறேன். ஒருவரை உயிரோடு கட்டி எரிக்க முனைந்த என் முன்னோரின் வாக்குமூலத்தை, சன்னிதியில் நின்று, கைத்தாளம் தட்டி.

“எப்ப செத்தா?” என்று ஞானாம்பாள் கேட்டாள்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு, நவம்பர் என்றார் திலகா. அறுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகள் பெற்று நான்கு தங்கின. தாமே வாங்கிய நிலத்தின் ஓரத்தில், கூறையை உடுத்தி அடக்கம் செய்தார்கள்.

ஞானாம்பாள் மீண்டும் விரல் கணுக்களில் எண்ணினாள். பிறகு உத்தரத்தில் தொங்கும் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப இந்த வருஷம் புடவை திரும்பி வராது அண்ணே,” என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்களுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். குடமுழுக்குக்குப் பத்துக் கிராமம் திரளும். கல்வெட்டின் திரையை விலக்கிய பிறகு, எல்லார் முன்னிலையிலும் பெட்டி திறக்கப்படும். சபாரத்தினம் இரண்டு நாள் வீட்டுப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்த அம்மா சொன்னது நிசமாவே இருக்கட்டும். ஊருக்கு அது எதுக்கு? பெட்டியில ஒண்ணும் இல்லேன்னா நாளைக்கு இந்தச் சனம் எதைப் பார்த்து விதைக்கும்? தங்கச்சி பெட்டியில நாப்பத்து நாலு இருக்கு. ஒண்ணை எடுத்து முதல்நாளே உள்ளே வச்சிருங்க. நூலை நீங்கதான் முடியறீங்க. உங்க முடிச்சை யாரு கேப்பா?”

சீ என்று எழுந்து போகவேண்டியவன் நான். ஆனால் என் நெஞ்சு அந்தச் சொல்லைத் தாகத்தோடு குடித்தது என்பதை மறைக்க மாட்டேன். என் பாட்டு, என் கல்வெட்டு, ஐம்பது ஆண்டுகள் நான் நின்ற சன்னிதி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆசிரியரிடம் நான் சொன்ன சொல். இவை அனைத்தையும் ஒரு பழைய புடவை காப்பாற்றிவிடும். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், திருநீற்று நெற்றியோடு, ஞானாம்பாளிடம் போய்க் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

“எதை வைக்கறதுன்னு நீங்களே பாத்து எடுங்க,” என்றாள்.

தகரப்பெட்டியின் முன் முழந்தாளிட்டேன். அவள் அடுக்கியிருந்த முறையில் புதியன மேலே இருந்தன, பழையன கீழே. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முழத்துண்டு வெட்டிய புடவை வந்தது. முடிச்சு இருந்த முந்தானை வந்தது; அரிசியை அவள் அப்படியே திரும்ப முடிந்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், கருகிய கரையோடு, முதல் புடவை. அதை வெளிச்சத்தில் தூக்கியபோதுதான் கட்டங்களின் அரக்கு நிறத்தையும் தலைப்பில் நெய்த இரட்டை மயிலையும் அடையாளம் கண்டேன். நெசவாளரிடம் நானே சொல்லி நெய்வித்த இரட்டை மயில். அது அம்மனுக்கென்று வாங்கிய கூறை அல்ல. ஞானாம்பாளின் கல்யாணக் கூறை. அவள் திரும்பி வந்த ஆண்டில், இனி இது உனக்கெதற்கு என்று சொல்லி, பெட்டியில் வைக்கும்படி அவள் கையில் கொடுத்தவன் நான். கொடுத்ததை மறந்தும் போனவன்.

அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு மூடறப்ப ஒண்ணு சொன்னேன் அண்ணே. நீங்க நூலைத் தேடிக்கிட்டிருந்தீங்க, காதுல விழுந்திருக்காது. நீயாவது உடுத்திக்கோன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள். நான் அந்தப் புடவைகளின் நடுவே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. ஓர் அண்ணன் பாக்குவெட்டியால் கயிற்றை அறுத்தான். ஓர் அண்ணன் மஞ்சள் நூலை ஏழு சுற்றுச் சுற்றி முடிந்தான். பிறகு நாற்பத்து நான்கையும் அவள் அடுக்கியிருந்த வரிசையிலேயே அடுக்கி, பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தேன்.

மாசி மகத்தன்று கோபுரத்தில் நீர் ஊற்றி முடிந்ததும், திரள் முழுவதும் எங்கள் வீட்டு வாசலுக்கு நகர்ந்தது. பெட்டியை இறக்கி, கோலத்தின் நடுவே வைத்தோம். ஏழு சுற்றையும் ஞானாம்பாள் நிதானமாக அவிழ்த்தாள். மூடியைத் திறந்து, பெட்டியைச் சாய்த்து, எல்லார் பக்கமும் காட்டினாள். சீப்பு இருந்தது. வளையல்கள் இருந்தன. புடவை இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார், இறந்த வீட்டில் செய்வது போல. எல்லாக் கண்களும் என்மேல் வந்தன. சபாரத்தினம் என் முழங்கையைப் பற்றினான். அம்மன் நெருப்புக்கே திரும்பிட்டான்னு சொல்லுங்க அண்ணே, போதும், என்று பல்லுக்குள் சொன்னான். அது போதுமானதாகத்தான் இருந்திருக்கும். நம்பியிருப்பார்கள்.

“அவ தீயில பாயலை,” என்றேன். “நம்ம பெரியவங்க கட்டி வச்சாங்க. அவ அண்ணன் கயித்த அறுத்து விட்டான். கடல் தாண்டிப் போய்ப் பொழச்சா, இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டா, புள்ளை பெத்தா, வயசாகிச் செத்தா. அவ தீயில விழுந்தான்னு சொல்லித்தான் நான் என் தங்கச்சியை மூலையில உக்கார வச்சேன். அது பொய்.”

வயதில் மூத்த ஒருத்தி, மூன்றாம் வரிசையிலிருந்து, எத்தனை புள்ளை என்று கேட்டாள். ஐந்து, நான்கு தங்கின என்று திலகா பதில் சொன்னார். அந்த முழத்துண்டு தங்காததுக்குத்தானா என்று இன்னொருத்தி கேட்டாள். ஆமாம் என்றதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அழுகை எழுந்தது. தொண்ணூற்று ஒன்றில் அன்னதானம் உண்ட பெண்கள், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைக்காக அழுதார்கள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சிலர் என்னைப் பைத்தியம் என்றார்கள். சிலர் மொரீசியஸ்காரி சூனியம் வைத்துவிட்டாள் என்றார்கள்.

அந்தக் குழப்பத்தின் நடுவில், அடுத்த ஆண்டுக்காகத் தாம்பாளத்தில் வைத்திருந்த புதுக் கூறை என் கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், ஞானாம்பாளின் முன் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எண்ணினேன். அதற்குரிய சொல் ஒன்று கூட, நான் கற்ற அத்தனை பதிகங்களிலிருந்தும் அன்று எழுந்து வரவில்லை.

“எனக்கு எதுக்கு அண்ணே விளக்கம்?” என்றாள் அவள். “புடவையைக் குடுங்க.”

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கூறையை உடுத்தியிருந்தாள். அறுபத்தெட்டு வயது. புதுக்கஞ்சி விறைப்பில் புடவை அவள் உடம்பில் படியாமல் முறைத்துக்கொண்டு நின்றது. அதுவரை உடுத்தியிருந்த வெள்ளைப்புடவையை நான்காக மடித்து, காலியாக இருந்த பெட்டியில் வைத்து, மூடி, நூலை என்னிடம் நீட்டினாள். நான் ஏழு சுற்றுச் சுற்றி முடிந்தேன்.

ஓராண்டில் ஊர் இதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கல்வெட்டைப் பெயர்த்து, எழுத்தைக் கீழ்ப்புறமாக்கி, குளத்துப் படித்துறையில் துவைகல்லாகப் போட்டார்கள். துவைக்க நல்ல கல் என்று பெண்கள் சொல்கிறார்கள். கோயிலில் விளக்கு எரிகிறது. தீப்பாய்ந்தாள் என்ற பெயரை விட்டுவிட்டுத் தோணியேறினாள் அம்மன் என்று அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கரையில் இழை கூட்டும் நெசவாளர், இனி யாருக்காக நெய்வது என்று கேட்டு வந்து, ஞானாம்பாளுக்கு இரண்டு புடவை நெய்து கொடுத்துவிட்டுப் போனார். உழவர்கள் வானொலி கேட்டு விதைத்தார்கள்; விளைச்சல் முன்போலவே இருந்தது. நான் பாடுவதில்லை. போய் நிற்கிறேன், கும்பிடுகிறேன், வந்துவிடுகிறேன். குடிவழி ஏட்டில், மூன்று வரிக்குக் கீழே, திலகா அனுப்பிய காகிதங்களைப் பார்த்து வண்டார்குழலியின் மீதி நாற்பத்து நான்கு ஆண்டுகளை எழுதி முடித்துவிட்டேன். கைநடுக்கத்தால் எழுத்து கோணலாக இருக்கிறது.

இந்த மாசி மகத்தன்று பெட்டியைத் திறந்தோம். அழைக்காமலே ஊரில் பாதி வந்திருந்தது. ஞானாம்பாள் நூலை அவிழ்த்து, மூடியை எடுத்தாள். வெள்ளைப்புடவை உள்ளே இருந்தது. அவள் அதைத் தூக்கி உதறினாள். கறை இல்லை, கிழிசல் இல்லை, வாசனை இல்லை, அவள் வைத்த நான்கு மடிப்பும் ஓராண்டின் தூசியோடு அப்படியே இருந்தன.

ஞானாம்பாள் அதை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இதை ஒருத்தியும் உடுத்தமாட்டேன்னுட்டா அண்ணே,” என்றாள்.